இக்வானாவுக்கு வீட்டுக்குள் 8 அடிக் கூண்டு: சில வருடம் ஓடிய பிறகு எழுதுவது

வளர்ந்த பச்சை இக்வானா (பெரிய பல்லி வகை) ஒன்றுக்காகக் கட்டிய கூண்டு இது. 8 அடி நீளம், 4 அடி ஆழம், 6 அடி உயரம். சில வருடங்களாக இடைவிடாமல் பயன்பாட்டில் இருக்கிறது. கட்டி முடித்த வாரத்தில் எந்தக் கூண்டும் அழகாகத்தான் இருக்கும், அதனால் இப்போது எழுதுவதுதான் சரி என்று தோன்றியது. கட்ட நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அளவு. அளவு முக்கியம்தான், ஆனால் கூண்டு எத்தனை வருடம் நிற்கும் என்பதை முடிவு செய்வது தண்ணீர். அது எங்கே தேங்குகிறது, எந்த இடுக்கில் புகுகிறது, எப்படி வெளியே போகிறது என்பதை யோசித்துக் கட்டினால் மிச்சமெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயங்கள்.

அளவை முடித்துவிடுகிறேன். பச்சை இக்வானா வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் வரை சாதாரணமாக வளரும், சில ஆண்கள் அதையும் தாண்டும். அந்த நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். கூண்டின் ஆழம் குறைவாக இருந்தால் திரும்பும்போதெல்லாம் வால் சுவரில் மடங்கும், நுனி உரசி உரசிப் புண்ணாகும். மரத்தில் வாழும் பிராணி என்பதால் உயரம் வேண்டும். நம் தலைக்கு மேலே ஒரு கிளை இருந்தால் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். கீழே வைத்து மேலிருந்து கையை நீட்டினால் கழுகு வருகிற மாதிரி மிரளும்.

டேகு (தென் அமெரிக்கப் பெரிய பல்லி), உடும்பு வகைகளை வளர்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு (உடும்புகளில் பல இனங்களை வீட்டில் வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம், முதலில் அதைப் பாருங்கள்). அவை குழி தோண்டுபவை. தரையில் குறைந்தது ஒரு அடி ஆழத்துக்கு ஈர மண் வேண்டும், சில உடும்புகளுக்கு இரண்டு அடி. 8-க்கு 4 அடித் தரை என்றால் கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர், அதில் ஒரு அடி மண் கொட்டினால் 0.9 கன மீட்டர். ஈர மண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்குக் குறையாது, ஆக மண் மட்டுமே ஒரு டன்னைத் தாண்டிவிடும், அதாவது சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல். வீட்டு மாடித் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ சுமைக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். எனவே டேகு வளர்க்க ஆசைப்பட்டால் தரைத்தளம், இல்லையென்றால் கட்டடப் பொறியாளர். இக்வானாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, மெல்லிய விரிப்பு போதும்.

சட்டத்துக்கு மரச் சட்டங்கள், சுவருக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட். ஒவ்வொரு பக்கமும் தனிப் பலகை, எல்லாம் நட்டு போல்ட்டில் சேர்த்தது. ஆணியும் பசையும் போட்டு ஒரே பெட்டியாகச் செய்தால் 4 அடி ஆழக் கூண்டு எந்த அறைக் கதவிலும் நுழையாது, நுழைந்தாலும் வீடு மாறும்போது ரம்பம் எடுக்க வேண்டியதுதான். ஒருமுறை இடம் மாற்றியபோது கழற்றி மாட்ட ஒரு பகல் ஆனது, அவ்வளவே.

பிளைவுட்டுக்கு உள்ளே நீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷ் பல பூச்சு, தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் எபாக்சி (கெட்டியாக இறுகும் பிசின் பூச்சு). இதில் அவசரம் கூடாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் முழுதாக இறுகி வாடை போக வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பிராணியை உள்ளே விடக்கூடாது. விளக்கு எரியும் சூட்டில் மிச்ச வாடை இன்னும் கிளம்பும். பரந்த பரப்புகள் இன்றைக்கும் புதிதாகத்தான் இருக்கின்றன. கெட்டுப்போனது எல்லாம் ஓரங்களில். அறுத்த விளிம்பு, போல்ட் போட்ட துளை, ஒயர் நுழையும் ஓட்டை, இந்த இடங்களில்தான் தண்ணீர் ஏறி பிளைவுட் உப்புகிறது. துளை போட்ட பிறகு துளைக்குள்ளும் எபாக்சி தடவிய இடங்கள் தப்பின. மூலைகளில் இழுத்த சிலிக்கான் கோடு ஒன்றிரண்டு வருடத்தில் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும், அதை வெட்டி எடுத்துப் புதிதாக இழுப்பதைப் பராமரிப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி கட்டுவதாக இருந்தால் பிளைவுட்டைத் தொடமாட்டேன், பி.வி.சி. ஃபோம் போர்டுதான். திருகு பிடிப்பு குறைவு, அதனால் உள்ளே அலுமினியச் சட்டம் கட்டாயம், ஆனால் உப்பாது, வார்னிஷ் வேண்டாம், துடைப்பதும் சுலபம்.

கதவைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, எனக்கோ தினசரி எரிச்சலும் தினசரி சுகமும் அதில்தான். முதலில் அலுமினியக் காடியில் நகரும் கண்ணாடி. அழகு. ஆனால் கீழ்க் காடியில் விரிப்புத் துகளும் இலைத் துணுக்கும் சேர்ந்து, பனித்தூவியின் (ஈரத்துக்காக நுண்துளியாகத் தெளிக்கும் கருவி) தண்ணீரும் அங்கேயே நின்று, இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய பல்துலக்கியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. முன்பக்க அடிக்கட்டை முதலில் உப்பியதும் அங்கேதான். இப்போது எஃகுக் கீல் போட்டு வெளியே திறக்கும் இரட்டைக் கதவு, டஃபண்ட் கண்ணாடி, அதற்குக் கீழே ஒரு அடி உயரத்துக்கு அடைப்புப் பலகை. அக்ரிலிக் ஷீட் எடை குறைவுதான், ஆனால் உள்ளே சூடும் ஈரமும், வெளியே உலர்ந்த காற்றும் என்றால் வளைந்துவிடுகிறது, நகம் பட்டால் கீறல். கண்ணாடியின் அடியில் ஒளி புகாத பட்டை ஒட்டுவது நல்லது. அங்கே தடுப்பு இருப்பது தெரியாவிட்டால் மூக்கைக் கொண்டுபோய்த் தேய்த்துக்கொண்டே இருக்கும். கம்பி வலை இன்னும் மோசம், மூக்கு கிழியும்.

கதவு பெரிதாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. 4 அடி ஆழத்தில் பின்சுவர் கைக்கு எட்டாது, சுத்தம் செய்ய ஆளே உள்ளே ஏற வேண்டும். அதோடு பக்கவாட்டில் சின்னத் தீவனக் கதவு ஒன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் இக்வானா ஆளே மாறிவிடும், வாலால் அடிக்கும், கடித்தால் தையல் போட வேண்டிவரும், அந்த நாட்களில் பெரிய கதவைத் திறக்காமலே தட்டு வைக்க முடிவது எவ்வளவு நிம்மதி என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பெண் இக்வானா என்றால் துணையே இல்லாமலும் முட்டையிடும், தோண்ட மண் பெட்டி இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்து. அதற்கும் இடம் ஒதுக்கியே வரைபடம் போடுங்கள்.

சூட்டுக்கு ஒற்றை ஸ்பாட் விளக்கு பற்றாது. இவ்வளவு பெரிய உடம்பில் அது உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் கருக்கும், மிச்ச உடம்பு குளிர்ந்தே இருக்கும், அதனால் இக்வானா இறங்காமல் அங்கேயே கிடந்து முதுகில் தீக்காயம் வாங்கும். குறைந்த வாட் ஹாலோஜன் ஃபிளட் விளக்குகள் மூன்றை வரிசையாக வைத்திருக்கிறேன், கழுத்திலிருந்து வால் அடிவரை ஒரே மாதிரி சூடு விழுகிறது. விளக்கின் அடியில் அது சூடு காயும் மேடையின் பரப்பு 35 முதல் 38 டிகிரி, எதிர்க் கோடி 26 அல்லது 27. டிம்மர் வகைத் தெர்மோஸ்டாட் போட்டால் விளக்கு விட்டுவிட்டு எரியாமல் மங்கி ஏறி நிற்கும். விளக்குகளுக்குக் கம்பிக் கூடு கட்டாயம், எட்டாத உயரம் என்று நாம் நினைக்கும் இடத்துக்கெல்லாம் அது எட்டும். சூடேறும் செயற்கைக் கல் வேண்டவே வேண்டாம்.

புற ஊதா விளக்குக்கு 4 அடி டி5 குழல், 54 வாட், பிரதிபலிப்பானோடு, கூண்டுக்கு உள்ளேயே. ஜன்னல் கண்ணாடி யூ.வி.பி. கதிரை (உடம்பில் டி3 வைட்டமின் உருவாக்கும் புற ஊதாக் கதிர்) ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும், கம்பி வலையும் வலையின் நெருக்கத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ விழுங்கும். டி3 வைட்டமின் உடம்பில் உருவாகாவிட்டால் கால்சியம் சேராது, எலும்பு வளையும், தாடை மெத்தென்று ஆகும். குழல் கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே யூ.வி.பி. குறைந்துவிடும், அதனால் வருடம் ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். யூ.வி. குறியீட்டு மீட்டர் கிடைத்தால் வாங்குங்கள். இக்வானாவின் மேடையில், முதுகு உயரத்தில் 3 முதல் 5-க்குள் இருக்கும்படி குழலின் உயரத்தைச் சரிசெய்தேன்.

கிளைகள் அதன் உடம்பு அளவுக்காவது தடிமனாக இருக்க வேண்டும். 5 கிலோ பிராணி மேலிருந்து குதித்து இறங்கும், மரத்திருகு நாளடைவில் கழன்றுவிடும், வெளியிலிருந்து போல்ட் போட்டு அகல வாஷர் வைத்தால் அசையாது. ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம் வேண்டும், ஆனால் காற்று நிற்கக்கூடாது. ஒரு பக்கம் அடியில் ஒரு துவாரவரிசை, எதிர்ப்பக்கம் உச்சியில் ஒன்று, சூடான காற்று மேலே போகும்போது கீழே புதுக்காற்று தானே வரும். மின் இணைப்புகள் அனைத்தும் கூண்டுக்கு வெளியே, ஒயர் நுழையும் முன் கீழே தொங்கி ஏறட்டும், சொட்டுத் தண்ணீர் அந்த வளைவிலேயே விழுந்துவிடும். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இல்லாத லைனில் பனித்தூவி மாட்டாதீர்கள்.

அன்றாட வேலை என்று பார்த்தால், இக்வானா பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியில்தான் மலம் கழிக்கும், இது உண்மையில் வசதி. தொட்டிக்கு அடியில் வடிகால் குழாயும் வால்வும் வைத்தது இந்தக் கூண்டிலேயே உருப்படியான வேலை, திறந்துவிட்டுக் கழுவி நிரப்பினால் முடிந்தது. சால்மோனெல்லா (வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியா) இருக்கும் என்றே வைத்துக்கொண்டு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் குழாயைச் சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோகவே கூடாது. கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உடம்பில் மிஞ்சும் உப்பை மூக்கு வழியாகத் தும்முகிறது, ஈரத் துணிக்கே போய்விடும். ஈரப்பதமானிதான் வருடத்துக்கு வருடம் பொய் சொல்லத் தொடங்குகிறது, ஈர உப்போடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்துப் பார்த்தால் 75 காட்ட வேண்டும், நிறைய விலகினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிவிடுகிறேன்.