பழைய ஆட்டோ மைவி: கியர் இடித்தால், பணம் கட்டுவதற்கு முன்

2005-இல் வந்த முதல் பெரோடுவா மைவி கார் தொடங்கி, 2021 கடைசியில் கியர் படிகளே இல்லாத சி.வி.டி. வரும்வரை, ஆட்டோ மைவி என்றால் நாலு கியர் டார்க் கன்வெர்ட்டர் பெட்டிதான்: எஞ்சின் விசையை எண்ணெய் வழியாக வாங்கும் கியர்பாக்ஸ். புரோட்டோன் சாகா நேர்மாறாகப் போனது. சில ஆண்டுகள் சி.வி.டி.யில் ஓடிவிட்டு 2019-இல் ஹூண்டாயின் நாலு கியர் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கம் தோட்டத்து வீட்டு வாசலிலும் தாமான் போர்ச்சிலும் நிற்கும் கார்களில் இந்த ரகம் இன்னும் நிறைய.

நெடுநாள் ஓட்டத்தில் இதன் குணம் இதுதான்: பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், மேட்டில் 3-க்கும் 4-க்கும் நடுவே தத்தளிக்கும், அழுத்தி மிதித்தால் கத்தும். ஆனால் எண்ணெயைக் கவனித்தால் உழைக்கும், ஏமாற்றாது. தொல்லை ஆரம்பிப்பது அது இடிக்கத் தொடங்கும்போது. "கியர்பாக்ஸ் போச்சுண்ணே, ஹாஃப்கட் (வெட்டிய பழைய காரின் பெட்டி) போட்டுடலாம்" என்ற ஒரே வரியில் கணக்கு ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போய்விடும். இடிக்கிற வண்டிகளில் பலவற்றின் கோளாறு பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். அதைப் பிரித்தறிய வீட்டு வாசலும், ஒரு டிஷ்யூவும், கூட ஓர் ஆளும் போதும்.

முதலில், எப்போது இடிக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். நின்ற இடத்தில் 'பி'யிலிருந்து 'டி' போட்டால் மட்டும் 'டக்' என்கிறதா? 1-லிருந்து 2-க்கு மாறும்போதா? 2-3-லா? காலையில் குளிர்ந்த வண்டியிலா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகா? "ஜெர்க் அடிக்குது" என்று மட்டும் சொன்னால் போமனுக்கு, அதாவது பட்டறை மெக்கானிக்குக்கு, அது பெரிய வேலைக்கான அழைப்பாகத்தான் கேட்கும்.

நின்ற இடத்தில் இடித்தால் ஆர்.பி.எம். பாருங்கள். ஏர்கோன் இல்லாமல், எஞ்சின் சூடான பிறகு, ஐட்லிங் 700-800 வாக்கில் இருக்க வேண்டும். ஆயிரத்தைத் தாண்டி நின்றால் 'டி' போட்டதும் இடிக்கத்தான் செய்யும். பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியில் அழுக்கு, வெடித்த வேக்குவம் ஹோஸ் என்று சின்ன வேலையில் முடியும்.

அடுத்தது எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங். செம்மண் சடக்கின் வரப்புகளிலும் குழிகளிலும் தினம் ஓடும் காரில் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் பட்டணத்து வண்டியைவிடச் சீக்கிரம் பிய்ந்துவிடும். பானெட்டைத் திறந்து, ஓட்டுபவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கை அழுத்தி மிதித்தபடி 'ஆர்', 'டி' என்று மாற்றி மாற்றிப் போடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், வண்டிக்கு முன்னால் வேண்டாம். எஞ்சின் லேசாகச் சாய்ந்து நிற்பது சரி. குதித்து எழுந்து, உடம்போடு மோதி அடங்கினால் மவுண்டிங் போய்விட்டது. ரப்பர் நடுவே கிழிந்திருப்பதை டார்ச் அடித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கை மட்டும் மாற்றி மற்றவற்றை விட்டால் புதியதும் சீக்கிரம் போகும். மவுண்டிங் நன்றாக இருந்து, ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போதெல்லாம் 'டொக்' என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டைப் பாருங்கள்.

எண்ணெய்ப் பரிசோதனைதான் பலரும் தப்பாகச் செய்வது. டிப்ஸ்டிக் உள்ள பெட்டியில், வண்டியை இருபது நிமிடமாவது ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா இடத்துக்கும் நகர்த்தி, கைநூல் சொல்லும்படி 'பி'யிலோ 'என்'னிலோ வைத்துக் குச்சியை எடுக்க வேண்டும். துடைத்துவிட்டு மறுபடி இறக்கி எடுங்கள். 'ஹாட்' குறிகளுக்கு இடையில் நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்துப் பார்த்தால் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் வடிந்து அளவு கூடத் தெரியும். அதை நம்பி விடுபவர்கள் உண்டு. ஹோண்டா விதிவிலக்கு. அதில் சூடாக்கி அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டியில் லெவல் பிளக் இருக்கும். அதற்கு வண்டியைச் சமமாகத் தூக்க வேண்டும், வீட்டு வேலையல்ல. குறைவைப் போல அதிகமும் கெடுதல்: பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் இராது, வண்டி எண்ணெய் குறைந்த மாதிரியே வழுக்கும்.

ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டுச் சற்று நேரம் வையுங்கள். சிவப்பு அல்லது இளம் பழுப்பாகப் பரவினால் சரி. நடுவில் கறுத்த மையும் கருகிய வாடையும் இருந்தால் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது. பால் கலந்த ரோஸ் சர்பத்தான பன்டோங் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. வண்டியை அதோடு நிறுத்துங்கள். சிலாங்கூர் ஆற்றோரம் வெள்ளம் ஏறும்போது நீரில் ஓட்டினால் பெட்டியின் காற்றுத் துளையான பிரீதர் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வெள்ளமே பார்க்காத வண்டியில் அந்த நிறம் வந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் கூலர் ஓட்டையாகி ரேடியேட்டர் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையின் பசையைத் தண்ணீர் விட வைத்துவிடும். அதனால் எண்ணெய் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் ரேடியேட்டரைப் பற்றிக் கேளுங்கள். அதை மாற்றாமல் போட்ட எண்ணெய் மறுபடியும் பன்டோங் ஆகும்.

அடுத்து ஒரு கைபேசியின் ஸ்டாப்வாட்ச். சூடான வண்டி, ஏர்கோன் அணைத்து, 'என்'னிலிருந்து 'டி' போட்ட கணத்திலிருந்து பிடிப்பு தெரியும்வரை எண்ணுங்கள். இந்த வகைப் பெட்டிகளுக்கு டொயோட்டா கைநூல்கள் வைத்திருக்கும் எல்லை 'டி'க்கு 1.2 வினாடி, 'ஆர்'க்கு 1.5 வினாடி. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒரு நிமிடம் விட்டு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். இரண்டும் தாமதமானால் எண்ணெய் குறைவு, அடைத்த ஃபில்டர், பம்ப் அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று. 'டி' மட்டும் தாமதமானால் முன்னோக்கி ஓட்டும் கிளட்ச் பக்கம், 'ஆர்' மட்டும் என்றால் ரிவர்ஸ் பக்கம். பிரேக்கை மிதித்தபடி முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும் ஸ்டால் சோதனையை வாசலில் செய்யாதீர்கள். ஐந்து வினாடிக்கு மேல் போனால் எண்ணெய் வெந்துவிடும், பிரேக் நழுவினால் சுவர் போகும்.

ஓட்டிப் பார்க்க லாத்தார் நெடுஞ்சாலை வசதி. நாலு கியர் பெட்டியில் காலை லேசாக வைத்து ஓட்டினால் மூன்று மாற்றம் தெரியும். அதற்குப் பிறகு ஆர்.பி.எம். இன்னும் கொஞ்சம் இறங்குவது ஐந்தாவது கியர் இல்லை, கன்வெர்ட்டர் வழுக்காமல் எஞ்சினோடு பூட்டிக்கொள்ளும் லாக்-அப். மாறும் கணத்தில் ஊசியைக் கவனியுங்கள். ஊசி ஒருமுறை மேலே துள்ளி, பிறகு 'டக்' என்று விழுந்தால் தட்டு வழுக்குகிறது. துள்ளாமல் நேராக விழுந்தும் இடித்தால் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிவிட்ட சோலனாய்டு (மின்வால்வு), அது பொருந்தியிருக்கும் வால்வ் பாடி, அல்லது மவுண்டிங். இந்த ஒரு வேறுபாடு பெரிய செலவைச் சின்னச் செலவிலிருந்து பிரித்துவிடும்.

80-இல் சீராகப் போகும்போது கரடுமுரடான சடக்கின் மேல் போவது போல வண்டி நடுங்குகிறதா? ஆக்சிலேட்டரை அசைக்காமல், இடது காலால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் மிதியுங்கள். பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்துத்தான். பிரேக் சுவிட்ச் லாக்-அப்பை விடுவித்துவிடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் லாக்-அப் கிளட்ச்சும் பழைய எண்ணெயும். நிற்காமல் தொடர்ந்தால் பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். காயில் கோளாறைக் கியர்பாக்ஸ் கோளாறு என்று ஓவர்ஹால் செய்துவிட்டு, நடுக்கத்தோடு வண்டியைத் திருப்பி வாங்கியவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

4-ஆவது கியரே விழவில்லை, லாக்-அப் ஆகவில்லை என்றால், எஞ்சின் தண்ணீரின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். "நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்கு" என்று கழற்றிப் போடும் வழக்கம் நிறைய. எஞ்சின் தண்ணீர் போதிய சூடு ஏறாதவரை கம்ப்யூட்டர் மேல் கியரைத் தடுத்து வைக்கும். கழற்றியதை மாட்டினால் கியர்பாக்ஸ் "குணமாகிவிடும்".

வயரிங்கில் செம்பனைத் தோட்டத்துக்கென்றே ஒரு நோய் உண்டு: எலி. இரவில் சூடான எஞ்சின் மேல் வந்து படுத்து, சென்சார் வயரைக் கடிக்கும். திடீரென்று ஒரு காலையில் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, கிளம்பும்போது எருமையாய் இழுத்தால், அது பெரும்பாலும் மின்கோளாறில் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் நிலை. தட்டுத் தேய்வு இப்படி ஒரே இரவில் வராது. ஆனால் எரிந்த எண்ணெயும் சேர்ந்திருந்தால் கதை வேறு. மலிவான புளூடூத் ஸ்கேனர் ஒன்றை கிளவ் பாக்ஸில் போட்டு வைப்பது நல்ல முதலீடு. அது காட்டும் கோளாறுக் குறியீடுகளில் பி0700 என்பது "கியர்பாக்ஸில் ஏதோ இருக்கிறது" என்ற அறிவிப்பு மட்டும். அதை வைத்து ஓவர்ஹால் முடிவு எடுக்க முடியாது. பி0705 கியர் நிலை சுவிட்ச், பி0715 உள்சுழல் சென்சார், பி0720 வெளிச்சுழல் சென்சார், பி0750 முதல் சோலனாய்டுகள், பி0741 லாக்-அப். பி0730 வந்தால் கியர் விகிதமே தவறுகிறது, அது கவலைக்குரியது. பி0300 வரிசை வந்தால் எஞ்சின் மிஸ்ஃபயர். பழைய உள்ளூர் வண்டிகள் சிலவற்றோடு மலிவு ஸ்கேனர் பேசாது. அப்போது கடை மெஷினில் படித்த குறியீட்டைத் தாளில் எழுதி வாங்குங்கள். சோலனாய்டு சந்தேகமா, மல்டிமீட்டர் போதும்: ஆன்-ஆஃப் வகை பொதுவாக 11-15 ஓம், அழுத்தம் கட்டுப்படுத்தும் வகை 5 ஓம் சுற்றி. எஞ்சின் ஓடும்போது பேட்டரி 13.8-14.5 வோல்ட் காட்டாவிட்டால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

எண்ணெய் மாற்றம் பற்றி ஒரு பழைய பேச்சு: "பழைய எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் வழுக்கும்." மாற்றியதால் வழுக்கவில்லை, எரிந்து போன தட்டை உதிர்ந்த தூள்தான் பிடித்து வைத்திருந்தது. அதனால் மெஷின் வைத்துத் தள்ளும் ஃப்ளஷ் வேண்டாம், வடித்து ஊற்றுவதே நல்லது. ஒரு வடிப்பில் மொத்தத்தில் பாதிகூட வராது, மீதி கன்வெர்ட்டரில் நிற்கும். ஒவ்வொரு முறையும் 40 விழுக்காடு மாறுகிறது என்று வைத்தால், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை செய்தபின் சுமார் 78 விழுக்காடு புதிது. வடிந்ததை அளவு ஜாடியில் பிடித்து, அதே அளவு ஊற்றிவிட்டுப் பிறகு குச்சி பாருங்கள். கைநூலில் எழுதிய எண்ணெய்தான். பழைய புரோட்டோனின் மிட்சுபிஷி பெட்டிக்கு எஸ்.பி.-3, சி.வி.டி.க்குச் சி.வி.டி. எண்ணெய். வீட்டில் செய்பவர்கள் எஞ்சின் எண்ணெய் போல்ட்டுக்குப் பதில் கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றி, பெட்டியைக் காலியாக்கி, எஞ்சினில் இரட்டிப்பு ஊற்றுவது நடக்கிற காரியம். சிவப்பாகவும் மெல்லியதாகவும் வடிந்தால் உடனே நிறுத்துங்கள்.

பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான பானைக் கழற்றினால், அதனுள் இருக்கும் காந்தத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறக் குழைவு வயசுக்கு வருவது. விரலில் உறுத்தும் இரும்புத் துண்டு, பித்தளை மினுக்கம், கறுப்புச் செதில் இருந்தால்தான் பெட்டியைத் திறக்கும் பேச்சு. பானின் அடியில் கல் அடித்த பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்வாங்கிய பான் ஃபில்டரின் வாயை அடைத்து வழுக்க வைக்கும்.

இவ்வளவும் பார்த்து ஹாஃப்கட்தான் என்று முடிவானால், கூலரும் அதன் குழாயும் கழுவப்படுமா, அல்லது புதிதா என்று கேளுங்கள். பழைய பெட்டியின் தூள் அங்கே தங்கியிருந்து புதியதையும் கொல்லும். கன்வெர்ட்டர் சேர்த்தா, எத்தனை மாத உத்தரவாதம் என்பதெல்லாம் ரசீதில் இருக்கட்டும். கெட்டுப்போன வண்டியை டிராக்டரில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாமல் பெட்டியின் பம்ப் ஓடாது, முன்சக்கரம் உருள உருள உள்ளே வறண்டு தேயும். முன்சக்கரத்தைத் தூக்கும் டோ லோரிதான். வேலை சரியில்லாமல் கடையோடு தகராறு வந்தால் மலேசிய பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; 50,000 வெள்ளிவரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. எழுதி வாங்கிய குறியீடும், காந்தத்தின் படமும், ரசீதும் அங்கே கேட்பார்கள்.