சுருக்குக் கம்பிக் காப்பு: ஐந்து ஆண்டுகள் அணிந்த பிறகு

காட்டு விலங்குகளுக்கு வைத்த சுருக்குக் கம்பியை வெட்டி முறுக்கிச் செய்த காப்பு இது. அதை என் கையில் மாட்டுவதற்கு முன், கடைப்பெண் வெட்டாத கம்பி ஒன்றை மேசைமேல் எடுத்துப் போட்டார். ஒரு முனையில் சுருக்கு அவிழாமலே இருந்தது. ஒரு தலை நுழையும் அளவு. "இம்பாலா மானுக்கு வைத்தது" என்றார். அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

இது 2019இல். ஜாம்பியாவில் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கும் ம்ஃபூவே என்ற ஊர். அண்ணன் தலைநகர் லுசாக்காவில் வேலை பார்த்ததால் அங்கே போக வாய்த்தது. விலை 250 க்வாச்சா, அன்றைய கணக்கில் சுமார் 1,350 ரூபாய். செய்கூலி, சேதாரம் எதுவும் கிடையாது.

வண்டிகளின் பிரேக் கம்பி, திருடிய மின்கம்பி, எரித்த டயருக்குள் மிஞ்சும் எஃகு என்று கையில் கிடைப்பதையெல்லாம் அங்கே கண்ணியாக்கிவிடுகிறார்கள். தண்ணீருக்குப் போகும் தடத்தில், மரத்தோடு கட்டி வைப்பார்கள். வைப்பது இறைச்சிக்காக, மானுக்கும் எருமைக்கும். ஆனால் கம்பிக்கு ஆள் தெரியாது. யானையின் துதிக்கை மாட்டும், சிங்கத்தின் கழுத்து மாட்டும். ஆப்பிரிக்கா முழுவதற்குமே 6,600 அளவில்தான் மிஞ்சியிருப்பதாக மதிப்பிடப்பட்ட காட்டுநாய்களும் மாட்டும். நீலகிரித் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை சிக்கிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது.

இனி காப்பைப் பற்றி. முதல் ஆண்டு குறையே இல்லை. இரண்டாம் ஆண்டு சென்னையின் காற்று வேலையைக் காட்டியது: முறுக்கின் இடுக்குகளில் துரு, வியர்த்தால் மணிக்கட்டில் கருப்புக் கோடு. வாரம் ஒருமுறை துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். அதோடு துரு அடங்கிவிட்டது. குளிக்கும்போது கழற்றி வைப்பது நல்லது. கம்பி முனையைச் சரியாக மழுக்காமல் விட்டிருந்தார்கள். ஒரு கல்யாணத்தில் அது பட்டுப்புடவையின் முந்தானையில் இழையை இழுத்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டு கொக்கி உடைந்தது. தெருமுனைப் பத்தரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் பொடி வைத்து ஊதினால் ஒட்டாதும்மா. எதற்கு இதைப் போட்டுக்கொண்டு திரிகிறீர்கள்?" என்றார். கதையைச் சொன்னேன். ஊதாமல், வெள்ளிக் கம்பியில் ஒரு கொக்கி வளைத்துக் கோத்துக் கொடுத்தார். முனையையும் அரத்தால் ராவித் தந்தார். கூலி வாங்கவில்லை. பாட்டி விரலில் கிடந்த யானைமுடி மோதிரம் அப்போது ஞாபகம் வந்தது. இன்று அதை விற்றால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தக் காலத்தில் அதற்குக் காவல் தெய்வத்தின் மதிப்பு.

மரம் நடுவதாகச் சொல்லும் நகையும் ஒன்று வாங்கினேன், 2021இல். ஆப்பிரிக்காவின் சவானா யானையை, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்த ஆண்டு அது. செய்தியைப் படித்த சூட்டில் இணையத்தில் வாங்கிவிட்டேன். பாசிமணிக் கைச்சரடு, வாங்கினால் ஒரு மரம். சான்றிதழ் வந்தது, அதில் ஓர் எண் இருந்தது. என்ன மரம், எந்த ஊர், யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேட்டு எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. எட்டு மாதத்தில் சரடு அறுந்தது.

லுவாங்வாவில் மரத்துக்கும் கண்ணிக்கும் உள்ள தொடர்பை நேரில் கேட்டவள் என்பதால்தான் இந்த எரிச்சல். டேல் லூயிஸ் என்பவர் தொடங்கிய கோமாகோ என்ற அமைப்பு அந்தப் பள்ளத்தாக்கில் வேட்டைக்காரர்களிடம் துப்பாக்கியையும் கண்ணியையும் வாங்கிக்கொண்டு, தேனீ வளர்ப்பும் தச்சும் விவசாயமும் கற்றுத் தருகிறது. சோளக்கொல்லையில் வரிசை வரிசையாக கிளைரிசிடியா என்ற மரத்தை நடவைக்கிறது. இலை மண்ணில் விழுந்து தழைச்சத்தாகிறது, குச்சி அடுப்புக்கு ஆகிறது. விறகுக்குக் காட்டை வெட்ட வேண்டியதில்லை. விளைச்சல் பொய்த்த வீட்டிலிருந்துதான் கண்ணி காட்டுக்குப் போகிறது. வாங்கிய கண்ணிகளை அங்கே பெண்கள் நகையாக்குகிறார்கள். அங்கே நடும் மரத்துக்கு ஊரும் உண்டு, வேலையும் உண்டு.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? மினுமினுப்பை விரும்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது. சிறு குழந்தைகளைத் தூக்கி வைத்திருப்பவர்களும் யோசிக்கலாம், கன்னத்தில் உரசும். பருத்திப் புடவைக்கும் கைத்தறிக்கும் நன்றாகப் பொருந்துகிறது. விமான நிலையச் சோதனையில் இரண்டு முறை கழற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அண்ணன் மறுபடி ஜாம்பியா போகிறார். தோழிக்கு ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்: கொக்கி வேண்டாம், திறந்த வளையமாக இருக்கட்டும், முனையை விரலால் தடவிப் பார்த்து வாங்கு என்று.