கியூக்கு எண்ணெயா மெழுகா? நாலு வாங்கி கடைசில செக்கு கடைக்கு போன கதை

போன வருஷம் ஜனவரில ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்னூக்கர் கியூ, அதாவது டேபிள்ல பந்து அடிக்கிற கோல், வாங்குனேன். ஆஷ் மரத்துல ஷாஃப்ட் (முன்பக்க மெல்லிசு பாகம்), எபோனிங்கிற கருப்பு மரத்துல பட் (பின்பக்கம் புடிக்கிற பாகம்), முக்கால் நீளத்துல கழட்டி மாட்டுற த்ரீ குவார்ட்டர் ஜாயின்ட், ஷாஃப்ட்ல அம்பு அம்பா ரேகை அழகா இறங்கும். வித்தவர் அதுக்கு ஒரு ஈரத்துணி கூட காட்டுனதில்ல போல, ரேகைக்குள்ள எல்லாம் கியூ முனைல தேய்க்கிற பச்ச சாக் தூசி அடைஞ்சு கெடந்துச்சு, பிரிட்ஜ் கையில, அதாவது டேபிள்ல ஊனி கியூவ தாங்குற கையில, வெச்சு இழுத்தா உப்புத்தாள தடவுற மாதிரி இருந்துச்சு. பெங்களூர்ல பிப்ரவரி மார்ச் காத்து எப்டின்னு தெரியும்ல, நம்ம ஒதடே வெடிக்குது, மரம் மட்டும் என்ன பண்ணும். சரி எண்ணெய் போடுவோம்னு ஆரம்பிச்சேன், அஞ்சு மாசத்துல நாலு ஐட்டம் வாங்கிட்டேன், அதுல மூணு இப்ப பீரோ மேல தூங்குது. நீங்களும் அதே காச செலவு பண்ண வேணாம்னுதான் இத எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு பாத்துக்கோங்க. உங்க கியூ மேல லாக்கர் அடிச்சிருந்தா, அதாவது ஷாஃப்ட் கண்ணாடி மாதிரி பளபளன்னு பிளாஸ்டிக் தொட்ட ஃபீல் இருந்தா, எந்த எண்ணெய் போட்டாலும் மேலயே நிக்கும், உள்ள போகாது. ஆரம்பத்துல வாங்குற சீப் கியூல இது நெறைய இருக்கும். அதுக்கு ஈரத்துணி, உடனே காஞ்ச துணி, அவ்ளோதான், இதுக்கு மேல படிக்க வேணாம்.

நான் மொதல்ல வாங்குனது கிரிக்கெட் பேட் ஆயில். பேட்டுக்கு போடுற அதே லின்சீட் எண்ணெய் தானே, ஸ்போர்ட்ஸ் கடையில சின்ன பாட்டில் 100 சொச்சம் ரூபாய்க்கு கெடச்சுது. பாட்டில்ல ராவா (பச்சையா) பாயில்டான்னு (காய்ச்சுனதான்னு) ஒரு வார்த்த போடல, கடைக்காரர கேட்டா "எல்லாம் ஒண்ணுதான் சார்"னுட்டாரு. ஒண்ணு இல்ல சார். பாயில்ட்னு பேரு இருக்கே ஒழிய இப்பல்லாம் யாரும் அடுப்புல வெச்சு காய்ச்சுறதில்ல, சீக்கிரம் காயணும்னு கோபால்ட், மாங்கனீஸ் மாதிரி உலோக உப்பு கலக்குறாங்க, ஒரு நாள்ல காஞ்சிரும். ரா லின்சீட் காய நாள் கணக்காகும், கொஞ்சம் கூட ஊத்திட்டா வாரக்கணக்காகும். தினமும் கையில உரசுற சாமானுக்கு அந்த உலோக சமாச்சாரம் எதுக்குன்னு நான் ரா பக்கம்தான்.

ஆனா என் கியூ நாசமானதுக்கு பாட்டில குறை சொல்ல முடியாது, நான்தான் காரணம். மரம் தாகமா இருக்குன்னு நெனச்சு தலைக்கு எண்ணெய் வெக்கிற மாதிரி உள்ளங்கையில ஊத்தி தேச்சேன், தேச்சுட்டு தொடைக்காம அப்டியே செவுத்துல சாச்சு வெச்சேன் (அதுவும் தப்பு, சாச்சு வெச்சாதான் கியூ வளையும், எண்ணெய் போட்டா வளையாதுங்கிறதெல்லாம் சும்மா, எண்ணெய் ஈரம் ஏறுறதையும் இறங்குறதையும் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்ளோதான்). நாலு நாள் கழிச்சு கிளப்புக்கு எடுத்துட்டு போனா ஷாஃப்ட் கையில ஒட்டுது, ஷாட் அடிக்க இழுக்குறப்ப கிரீச்சுனு புடிக்குது. எங்க கிளப் மார்க்கர் (ஸ்கோர் போட்டு டேபிள பாத்துக்கிறவர்) அண்ணா அல்சூர்காரரு, முப்பது வருஷமா டேபிள் பக்கத்துலயே நிக்குறவரு, கியூவ வாங்கி விரல வெச்சு பாத்துட்டு "என்ன தம்பி, கியூவ தாளிச்சு எடுத்தியா?"ன்னாரு. கட்டவிரல் நகத்தால லேசா சொரண்டுனாரு, பழுப்பா ஒரு பிசின் உருண்ட சுருண்டு வந்துச்சு, பலாப்பழ பால் மாதிரி. மனசு விட்டுப்போச்சு.

அவரே பெயின்ட் கடையில கொஞ்சம் டர்பென்டைன் வாங்கிட்டு வரச்சொல்லி, துணியில நனச்சு ரேகை போற வாக்குலயே தொடச்சு எடுத்தாரு, பிசினோட பச்ச தூசியும் சேந்து வந்துச்சு, அது மட்டும் நல்லதா போச்சு. அப்புறம் ஸ்கூல் நோட்டுக்கு அட்ட போடுவோம்ல அந்த பிரவுன் பேப்பர், அத நாலா மடிச்சு ஷாஃப்ட சுத்தி புடிச்சு சரசரன்னு தேச்சாரு. "பேப்பர் சூடாவுதா பாரு தம்பி, சூடாவலன்னா நீ தேக்கல, தடவுற." பத்து நிமிஷம் தேச்சதுல எண்ணெயே இல்லாம ஷாஃப்ட் வழவழன்னு ஆயிருச்சு. உப்புத்தாள் மட்டும் போடாதன்னாரு, ஒவ்வொரு தடவையும் மரம் தேயும், ஒரு நாள் கியூ முனைல இருக்குற பித்தள வளையம், அதாவது ஃபெரூல், வெளிய துருத்திட்டு நிக்கும், அப்ப அழுது பிரயோஜனம் இல்ல.

அடுத்தது பாரின் கியூ ஆயில். ஸ்னூக்கர் பொறந்தது ஜபல்பூர்ல, 1875ல, ஒரு பிரிட்டிஷ் ஆர்மி ஆபீசர் ஆரம்பிச்சது, ரூல்ஸ் எழுதி மாட்டுனது நம்ம ஊட்டி கிளப்ல, வேர்ல்ட் சாம்பியன் பங்கஜ் அத்வானி ஆட்டம் கத்துக்கிட்டது இதே பெங்களூர்ல, அந்த ஆட்டத்துக்கு எண்ணெய மட்டும் இங்கிலாந்துல இருந்து வரவெச்சேன். ஷிப்பிங்கோட 1,000 ரூபாய தாண்டிருச்சு, கையில வந்தது கண்ணு மருந்து சைஸ் பாட்டில். வேல செய்யுதான்னு கேட்டா நல்லாவே செய்யுது, எலுமிச்ச வாசனையோட லேசா இருக்கு, சீக்கிரம் காயுது. ஆனா மூடிய தெறந்து ரெண்டு நாள் வெளிய வெச்சா எலுமிச்ச வாசன பறந்துட்டு உள்ள இருந்து அதே பேட் ஆயில் வாசன வருது. பணம் பிரச்சன இல்லன்னா வாங்கலாம், நான் திரும்ப வாங்க மாட்டேன்.

மெழுகு பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பாக்க ரொம்ப ஆசையா இருக்கும். நான் வாங்குனது தேன் மெழுகும் கார்னாபாவும் கலந்த டப்பா. தேன் மெழுகு அறுபத்து சொச்சம் டிகிரில உருகும், கார்னாபா பிரேசில் பனை எலையில இருந்து எடுக்குறது, உருக எம்பதுக்கு மேல போகணும், அதனால கல்லு மாதிரி கெட்டி. டப்பால எது அதிகம்கிறதுதான் விஷயம், என்னுதுல தேன் மெழுகுதான் தூக்கல். போட்ட அன்னிக்கி ஷாஃப்ட் பட்டு மாதிரி. மூணாவது ஃபிரேம்ல கை வேர்க்க ஆரம்பிச்சதும் பிரிட்ஜ்ல புடிச்சு புடிச்சு இழுக்குது, சாக் தூசி வேற மெழுகுல ஒட்டி ஷாஃப்ட் சாம்பல் கலராயிருச்சு. இன்னொன்னு, மெழுகு போட்டுட்டா அதுக்கு மேல எண்ணெய் எறங்காது, திரும்ப டர்பென்டைன்ல தொடச்சாதான் உண்டு. வரிசைன்னு பாத்தா எண்ணெய் மொதல்ல, நல்லா காஞ்சப்புறம் மெழுகு. ஆனா கியூவோட பட் பக்கம் போட்டுப் பாருங்க, எபோனி ஏற்கனவே இறுகுன மரம், எண்ணெய் பெருசா குடிக்காது, அதுக்கு மெழுகு சூப்பர், கருப்பு அப்டியே ஆழமா தெரியும். அந்த டப்பாவ பட் பக்கத்துக்கு மட்டும் வெச்சிருக்கேன், இந்த வேகத்துல போனா எனக்கு பேரன் பொறக்குற வரைக்கும் வரும்.

நாலாவது ஐட்டம் தேங்கா எண்ணெய், ஃபிரண்ட் பேச்ச கேட்டு ஒரு துண்டு பழைய ஆஷ் மரத்துல மட்டும் டெஸ்ட் பண்ணேன், நல்ல வேள கியூல போடல. லின்சீட் காத்துல இருக்குற ஆக்சிஜன இழுத்து கெட்டியாகி மரத்துக்குள்ள படலமா நிக்கும், தேங்கா எண்ணெய்க்கு அந்த குணமே இல்ல, காயவே காயாது. டிசம்பர் பெங்களூர் குளிர்ல பாட்டிலுக்குள்ள உறையுறத தெனம் பாக்குறோம், அதே தான் மரத்து மேலயும் வெள்ளையா மங்கலா நிக்கும். அத தலைக்கே வெச்சுக்கோங்க.

இப்ப நான் யூஸ் பண்றது என்னன்னா, வீட்டு பக்கத்துல மரச்செக்கு எண்ணெய் கடை இருக்கு, கடலெண்ணெய் வாங்க போனப்ப ஷெல்ஃப்ல ஆளி விதை எண்ணெய்னு ஒரு பாட்டில் இருந்துச்சு, கன்னடத்துல அகசெ எண்ணெ. ஒமேகா 3 ஒமேகா 3ன்னு ஆபீஸ்ல எல்லாரும் விழுந்து விழுந்து குடிக்கிறாங்களே, அது சாட்சாத் ரா லின்சீட் தான்! ஆளி விதைக்கு இங்கிலீஷ்ல ரெண்டு பேரு, சாப்பிட்டா ஃபிளாக்ஸ், மரத்துல பூசுனா லின்சீட். வாங்குறப்ப லேபிள் மட்டும் படிங்க, வைட்டமின் இ அது இதுன்னு எதுவும் சேக்காதது வேணும், அது எண்ணெய் காயுறத இழுத்தடிக்கும். அடியில மண்டி இருந்தா கலக்காம மேலாப்புல எடுங்க. இந்த கடை கெடைக்கலன்னா படம் வரையுறவங்க கடையில கேமல் லின்சீட் ஆயில் சின்ன பாட்டிலா வரும், அதுவும் ஓகே.

போடுறது எப்டின்னா, சாயங்காலம் ஷாஃப்ட ஈரத்துணியில தொடச்சு உடனே காய விட்டு, பனியன் துணில நாலே நாலு சொட்டு, அதுக்கு மேல ஒரு சொட்டு கூட வேணாம். ஜாயின்ட்ல இருந்து மேல ஏத்திட்டே போயி ஃபெரூலுக்கு ரெண்டு இஞ்ச் முன்னாடி நிறுத்திருவேன், டிப்ல, அதாவது முனைல இருக்குற தோல்ல, எண்ணெய் பட்டா அது ஊறி சாக் நிக்காது, அடிக்குறப்ப பந்துல வழுக்கி மிஸ்க்யூ ஆகும். அர மணி நேரம் விட்டு காஞ்ச துணில மொத்தமா தொடச்சு எடுத்துருவேன், "ஐயோ எல்லாத்தையும் தொடச்சுட்டமே"ன்னு தோணணும், அப்பதான் சரி. ஒரு வாரம் படுக்க வெச்சுட்டு அப்புறம் மார்க்கர் அண்ணா பிரவுன் பேப்பர். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, மழக்காலத்துல அதுவும் கெடையாது.

எண்ணெய் துணிய மட்டும் தயவு செஞ்சு சுருட்டி குப்ப கூடையில போட்றாதீங்க. லின்சீட் காயுறப்ப சூடு வரும், சுருண்ட துணிக்குள்ள அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்பிடிக்கும், தீக்குச்சியே தேவையில்ல. நான் பால்கனி கொடில விரிச்சு போட்டு மொறமொறன்னு காஞ்சப்புறம்தான் தூக்கி போடுறேன்.

ரெண்டு மாசத்துக்கு நாலு சொட்டுன்னா 200 மில்லி பாட்டில் எப்ப தீரும் சொல்லுங்க. ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தேன், போன வாரம் அம்மா அத எடுத்து இட்லி பொடிக்கு ஊத்திட்டாங்க. "என்னடா இந்த எண்ணெய் இப்டி கசக்குது, பழசா?"ன்னு கேட்டாங்க. கியூக்கு வாங்குனதும்மான்னேன், தட்ட அப்டியே என் பக்கம் தள்ளிட்டாங்க.