268 யூரோ போச்சு: கப்பலில் நேபிள்ஸ் போய்ப் பொம்பெய் பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஊர் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு தட்டி, வண்டியும் டிக்கெட்டும் தருகிறேன் என்று ஏமாற்றிய ஆள் அனுப்பிய மெசேஜ்களையே மேலும் கீழும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அடுத்து வேறொரு குடும்பம் போய் விழும்.

நான், என் வீட்டுக்காரர், பதினோரு வயது மகன், என் அம்மா, ஆக நான்கு பேர். பார்சலோனாவில் ஏறி ஏழு இரவு மத்தியதரைக் கடல் கப்பல். வழியில் ஒரு நாள் இத்தாலியின் நேபிள்ஸ். காலை 7 மணிக்குக் கரை, மாலை 5.30-க்குள் எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும். இந்தப் பயணம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. அம்மா முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்தவர். யவனர், அதாவது அந்தக் காலத்துக் கிரேக்க, ரோமானிய வணிகர்கள், பொன்னோடு வந்து மிளகோடு போன கதையை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். நேபிள்ஸ் பக்கத்தில் மண்ணுக்குள் போன ரோமானியர் ஊரான பொம்பெய் நகரத்தைத் தோண்டியபோது 1938-இல் ஒரு வீட்டில் தந்தத்தால் ஆன சின்னப் பெண் சிலை கிடைத்தது. ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இந்தியாவில் செதுக்கியது. லட்சுமி என்று பெயர் விழுந்துவிட்டது, யட்சி என்றும் சொல்கிறார்கள். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊரே மூடிப்போவதற்கு முன்பே அந்தச் சிலை கடல் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போது நேபிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலையில் பொம்பெய், மத்தியானம் அந்தச் சிலை. இதுதான் அம்மா கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

கப்பல்காரர்களே நடத்துகிற சுற்றுலா தலைக்கு 119 யூரோ. ஐம்பது பேரோடு கொடி பிடித்த ஆள் பின்னால் அம்மாவால் ஓட முடியாது, முழங்கால் தேய்மானம். அதனால் நாங்களே நிதானமாகப் போகலாம் என்று தேடியபோதுதான் அந்த இணையதளம் கண்ணில் பட்டது. கப்பல் பயணிகளுக்கென்றே வண்டி, நுழைவுச் சீட்டு, போனில் கேட்கிற ஆடியோ வழிகாட்டி மூன்றையும் கட்டி ஒரே விலைக்கு விற்கிற வகை. வங்கியில் புகார் ஓடிக்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. தலைக்கு 67 யூரோ, நான்கு பேருக்கு 268 யூரோ. கார்டில் வெளிநாட்டுக் கட்டணமெல்லாம் சேர்த்து 28,740 ரூபாய் பிடித்தார்கள்.

நான் உடனே கட்டிவிடவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "விசாரிக்காமல் கட்டினால் இப்படித்தான்" என்று இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணில் ஒருவரோடு மூன்று நாள் பேசினேன். கப்பல் பெயர் கேட்டார், எத்தனை மணிக்குக் கரை என்று கேட்டார். அப்புறம் அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். உடனே பதில் வந்தது: "மேடம், அப்படியானால் போர்ட்டா மரீனா வாசல் வேண்டாம். அங்கே கல் பாவிய ஏற்றம். உங்கள் அம்மாவை ஆம்பிதியேட்டர் சதுக்கத்து வாசலுக்குக் கூட்டிப்போகிறோம், அங்கே படி கிடையாது, சக்கர நாற்காலி போகிற வழி உள்ளேயே போட்டிருக்கிறார்கள்." நான் வேறு இடத்தில் சரிபார்த்தேன். உண்மைதான், அப்படி ஒரு வழி இருக்கிறது. அடுத்து எழுதினார்: "எங்க அம்மாவுக்கும் முழங்கால்தான் மேடம். நான் என் அம்மாவைக் கூட்டிப்போகிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன்."

அந்த வரியைப் படித்ததும் அம்மாவிடம் போனைக் காட்டினேன். "நல்ல பையனா இருக்காங் கண்ணு, கட்டிரு" என்றார். கட்டினேன். ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் பெயரும் போட்டு, கியூஆர் கோடு வைத்து, துறைமுக வரைபடத்தில் நிற்க வேண்டிய இடத்தைச் சிவப்பு வட்டமிட்டு ஒரு வவுச்சர் வந்தது. அவர் சொன்ன இடமெல்லாம் உண்மை, வாசலெல்லாம் உண்மை. வண்டியும் டிக்கெட்டும்தான் பொய்.

அன்றைக்கு 7.50-க்கே ஸ்டாசியோனே மாரிட்டிமா என்கிற கப்பல் நிலையக் கட்டடத்துக்கு வெளியே போய் நின்றுவிட்டோம். கப்பல் நிற்பதே அங்கேதான், எதிரே பழைய கோட்டை தெரிகிறது, இடம் தவற வழியே இல்லை. 8.15-க்கு வண்டி என்று வவுச்சரில் இருந்தது. 8.30 ஆனது. பெயர்ப் பலகை பிடித்த ஆட்கள் வருகிறார்கள், வேறு வேறு குடும்பங்களைக் கூட்டிப்போகிறார்கள். எங்கள் பெயர் எதிலும் இல்லை. மெசேஜ் போட்டேன். "டிராஃபிக், பத்து நிமிடம் மேடம்." 8.50-க்கு மறுபடி போட்டேன். "வந்துவிட்டார், வாசலில் இருக்கிறார்." என் வீட்டுக்காரர் அந்த வாசலுக்கும் இந்த வாசலுக்கும் ஓடுகிறார். அம்மா ஒரு திண்டில் உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு வெள்ளை வேனையும் எட்டிப் பார்க்கிறார். 9.40-க்கு வந்த மெசேஜை அப்படியே தமிழில் சொல்கிறேன்: "ஓட்டுநர் 8.15 முதல் 8.30 வரை காத்திருந்தார். நீங்கள் வரவில்லை. உங்கள் முன்பதிவு 'வராதவர்கள்' என்று முடிக்கப்பட்டது."

படித்ததும் கை நடுங்கிவிட்டது. அந்தப் பதினைந்து நிமிடமும் நாங்கள் அதே வட்டத்துக்குள் நின்றோம். மகன் எடுத்த போட்டோ இருக்கிறது, 8.17 என்று நேரத்தோடு. அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

சரி, வண்டி போனால் போகட்டும், டிக்கெட்டாவது கையில் இருக்கிறதே என்று கிளம்பினோம். மூனிசிப்பியோவில் மெட்ரோ ஒன்றாம் லைன் ஏறி கரிபால்தி. அங்கே கீழ்த்தளத்தில் சிர்கும்வெசுவியானா என்கிற உள்ளூர் ரயில், சொரெண்டோ பக்கம் போவது. உட்கார இடமில்லை. முக்கால் வழி அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார், அப்புறம் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தார். இறங்கினால் எதிரிலேயே போர்ட்டா மரீனா. அம்மாவுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே ஏற்றம்.

வாசலில் கியூஆர் கோடைக் காட்டினேன். சிவப்பு. மறுபடி காட்டினேன். சிவப்பு. அந்த ஊழியர் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இது டிக்கெட்டே இல்லை, யாரோ அடித்த காகிதம் என்றார். பொம்பெயில் 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, டிக்கெட்டும் பெயர் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். எங்கள் வவுச்சரிலும் நான்கு பெயரும் இருந்ததே, அதனால்தான் நம்பினேன். பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கவுன்டரில் வரிசையில் நின்று மறுபடி டிக்கெட் வாங்கினோம். பெரியவர்களுக்குத் தலைக்கு 18 யூரோ, மூன்று பேருக்கு 54. மகனுக்கு எவ்வளவு என்று கேட்டேன். இலவசம் என்றார். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும், நுழைவு இலவசம்! இலவசமாகக் கிடைக்கிற ஒன்றுக்கும் சேர்த்து என்னிடம் 67 யூரோ பிடுங்கியிருக்கிறார்கள். 268 யூரோவில் எது எனக்கு அதிகம் எரிகிறது என்று கேட்டால் இந்த 67-தான்.

உள்ளே போகும்போது மணி 12 தாண்டிவிட்டது. அம்மா ஏற்றத்தில் பாதி தூரம் வந்தார். அதற்கு மேல் கால் வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க உட்கார்ந்துக்கறேன்" என்றார். வீட்டுக்காரர் கூட இருந்தார். நானும் மகனும் மட்டும் ஃபோரம் என்கிற ஊர்ச் சதுக்கம் வரைக்கும் போனோம். உடைந்த தூண்கள், அதற்குப் பின்னால் அந்த மலை. வண்டிச் சக்கரம் உரசி உரசிக் கல்லில் விழுந்த பள்ளத்தில் மகன் கையை வைத்துப் பார்த்து, "அம்மிச்சி இருந்தா இது என்னன்னு சொல்லியிருப்பாங்க" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரொட்டிக் கடையின் மாவு அரைக்கும் கல், தெரு நடுவில் நடந்து கடக்கப் போட்ட கற்கள், ஆம்பிதியேட்டர், அம்மா பெயர் சொல்லிச் சொல்லி எழுதிவைத்திருந்த எதையும் சேர்ந்து பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். தனியாக வந்தவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்ற பயம் வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது.

ஸ்டேஷனுக்கு வந்தால் அடுத்த ரயில் ரத்து என்று பலகையில் போட்டிருந்தது. டாக்சி பிடித்தோம், 110 யூரோ. ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன், முன்கூட்டியே விலை சொல்லித்தான் ஏற்றினார். அருங்காட்சியகத்துக்குப் போக நேரமும் இல்லை, அம்மாவுக்குத் தெம்பும் இல்லை. கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே, "விடு கண்ணு, யவனன் ஊரு மண்ணை மிதிச்சாச்சு, அது போதும்" என்றார். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இன்னொரு தடவை கூட்டிப்போக எனக்கு முடியுமா, அவருக்கு முடியுமா, தெரியாது.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். அன்று இரவே மெயில் போட்டேன். புகார் எண் ஒன்று வந்தது. மறுநாள்: "உள்ளூர்ப் பங்காளரிடம் விசாரிக்கிறோம், 72 மணி நேரம் பொறுங்கள்." 72 மணி நேரம் கழித்து: "பங்காளரின் பதிவுப்படி நீங்கள் வரவில்லை, விதிமுறைப்படி பணம் திரும்பாது." போட்டோ அனுப்பினேனே என்றால், "போட்டோவில் இடம் தெளிவாக இல்லை" என்கிறார்கள். பின்னால் கட்டடத்தின் பெயரே தெரிகிறது! சரி, வண்டியை விடுங்கள், வாசலில் வேலை செய்யாத டிக்கெட்டுக்கு என்ன பதில் என்று கேட்டேன். "அது பங்காளர் அலுவலகத்தில் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டிய வவுச்சர்." எந்த அலுவலகம், எந்தத் தெரு என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே வாக்கியம்தான் திரும்பி வந்தது. கடைசியாக, அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். தன் அம்மாவைப் போலப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன எண்ணுக்கு இப்போது ஒற்றை டிக்தான் விழுகிறது.

268 யூரோ. எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. அம்மாவின் பென்ஷனிலிருந்து அவர் பிடிவாதமாகக் கொடுத்த பணமும் அதில் இருக்கிறது.

நேபிள்ஸில் கப்பலிலிருந்து இறங்கித் தனியாக ஒரு நாள் போவது எப்படி என்று முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரமாகச் சில விஷயம் மட்டும்.

டிக்கெட்டைப் பொம்பெய் தொல்லியல் பூங்காவின் சொந்த இணையதளம் கைகாட்டுகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். "வவுச்சர்" என்று போட்டிருந்தால் அது டிக்கெட் இல்லை. டிக்கெட்டில் பெயர் இருப்பதால் அடையாள ஆவணம் கையில் வேண்டும். பிள்ளைகளுக்குக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

ரயிலில் போவதானால் கரிபால்திக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால், போர்ட்டா நோலானாவில் ஏறுங்கள், வண்டி அங்கேதான் புறப்படுகிறது, உட்கார இடம் கிடைக்கும். இறங்க வேண்டியது பொம்பெய் ஸ்காவி. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலை நம்பி நேரம் வைக்காதீர்கள், டாக்சிக்குப் பணம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். நடக்க முடியாதவர்கள் கூட இருந்தால், இரண்டில் ஒன்றுக்கு மட்டும் போங்கள். நான் அருங்காட்சியகத்துக்கு மட்டும் அம்மாவைக் கூட்டிப்போயிருக்க வேண்டும்.

வண்டிக்கு முழுப் பணத்தையும் முன்னால் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே புகார் கொடுங்கள், அவர்கள் "72 மணி நேரம்" என்று சொல்வதற்காகக் காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் அழைத்துப் பதிவு செய்துவிட்டேன்.

"என் அம்மாவைக் கூட்டிப்போகிற மாதிரி" என்ற வரியோடு வேறு யாருக்காவது மெசேஜ் வந்திருந்தால், ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். வங்கிக்கு நாளை மறுநாள் காகிதம் கொடுக்கிறேன், அதோடு சேர்த்துவிடுகிறேன்.