ட்ரூயிட்டுக்கு ஸ்டார்ஸா, மூனா?

டைஸ் போட்டு மேசையில் ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) எடுத்தவர் இரண்டாம் லெவலிலேயே சப்கிளாஸ் (உட்பிரிவு) முடிவு செய்துவிட வேண்டும். 2014 கையேட்டோடு வந்தது சர்க்கிள் ஆஃப் த மூன்: கரடியாக மாறு, முன்வரிசையில் நில், அடி. 2020இல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகத்தில் சர்க்கிள் ஆஃப் ஸ்டார்ஸ் வந்தது. நான் எடுத்தது ஸ்டார்ஸ், அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும். 2014 விதிகளை வைத்தே பேசுகிறேன். 2024 திருத்தத்தில் சில கணக்குகள் மாறுகின்றன, அதைக் கடைசியில் பார்ப்போம்.

மூனுக்குரிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். இரண்டாம் லெவலில் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14 உள்ள ட்ரூயிட்டின் எச்பி (உயிர்ப் புள்ளிகள்) சராசரியாக 17. பழுப்புக் கரடியின் எச்பி 34. வைல்ட் ஷேப் என்ற திறனால் ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டுக்கும் (சிறு ஓய்வு) இரண்டு முறை மாறலாம் என்பதால் கூடுதலாக 68 எச்பி கைக்கு வருகிறது. கடியும் நகமும் இரண்டுமே பட்டால் சராசரி 19 சேதம். இரண்டிலிருந்து நான்காம் லெவல் வரை மேசையில் இதற்கு ஈடு கிடையாது. உங்கள் கதை நான்காம் லெவலோடு முடிகிற சிறு கதை என்றால், மேலே படிக்காமல் மூனை எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு மேல் போகிற ஆட்டம் என்றால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கான்சன்ட்ரேஷன், அதாவது போட்ட ஸ்பெல் கலையாமல் கவனத்தைப் பிடித்து வைத்திருப்பது. ட்ரூயிட்டின் நல்ல ஸ்பெல்களில் பெரும்பாலானவை அதை நம்பித்தான் நிற்கின்றன. என்டாங்கிள், ஃபேரி ஃபயர், ஹீட் மெட்டல், ஸ்பைக் க்ரோத், மூன்பீம், கால் லைட்னிங், கன்ஜூர் அனிமல்ஸ் எல்லாமே அப்படித்தான். கான்சன்ட்ரேஷன் உடைந்தால் ஸ்பெல்லுக்குச் செலவழித்த ஸ்லாட்டும் போச்சு, அழைத்து வந்த எட்டு ஓநாய்களும் போச்சு. அடிபடும்போதெல்லாம் கான்ஸ்டிட்யூஷன் சேவ் போட வேண்டும்: 20 முக டைஸோடு கான்ஸ்டிட்யூஷன் போனஸைக் கூட்டி இலக்கை எட்ட வேண்டும். இலக்கு 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது.

கரடி உருவத்தில் ஸ்பெல் போட முடியாது, ஆனால் முன்பே போட்டதைத் தாங்கிப் பிடிக்கலாம். ஆகவே "மூன்பீம் போட்டுவிட்டுக் கரடியாகிறேன்" என்பது பலரும் போடும் திட்டம். கணக்கு அதற்கு ஒத்துவருவதில்லை. கரடியின் ஏசி (அதை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 11. தாக்குதலில் +5 உள்ள எதிரி நூற்றுக்கு 75 முறை அடித்துவிடுவான். கரடியின் கான்ஸ்டிட்யூஷன் போனஸ் +3, ஆகவே இலக்கு 10 என்றால் 30 சதவீதம் தோல்வி. ஒரு தாக்குதலுக்கு 22.5 சதவீதம் உடையும் வாய்ப்பு. அதே ட்ரூயிட் உருவம் மாறாமல் தோல் கவசமும் மரக் கேடயமுமாக ஏசி 16இல் நின்றால், பாதி அடிதான் படும். +2 போனஸுக்குத் தோல்வி 35 சதவீதம், மொத்தம் 17.5. ஒரு சுற்றில் மூன்று தாக்குதல் வந்தால் கரடிக்கு 53 சதவீதம், மனித உருவத்துக்கு 44. கரடியாவதே முன்னால் போய் அடி வாங்கத்தான் என்பதால் அந்த மூன்று தாக்குதலும் நிச்சயம் வரும்.

ஸ்டார்ஸில் ஆர்ச்சர், சாலிஸ், டிராகன் என்று மூன்று நட்சத்திர உருவங்கள் உண்டு. அதில் டிராகன் உருவம் எடுத்தால், கான்சன்ட்ரேஷனுக்கான சேவில் 9 அல்லது அதற்குக் கீழே விழுந்த டைஸை 10 என்று எடுத்துக்கொள்ளலாம். +2 சேர்த்தால் குறைந்தபட்சம் 12. அதாவது ஒரே அடியில் 25 வரை சேதம் வாங்கினாலும் அந்தச் சேவ் தோற்கவே தோற்காது. தொடக்க லெவல்களில் ஒற்றை அடியில் 25ஐத் தாண்டுவது அரிது. இன்னொரு லாபமும் இதிலேயே இருக்கிறது. மற்ற ட்ரூயிட்கள் நான்காம் லெவலில் ரெசிலியன்ட் ஃபீட் (சேவ் போனஸைக் கூட்டும் சிறப்புத் திறன்) எடுக்கலாமா என்று யோசிக்கும்போது, நீங்கள் நேராக ட்ரூயிட்டின் ஸ்பெல் பலமான விஸ்டமை உயர்த்திக்கொள்ளலாம்.

இதற்கும் எல்லை உண்டு. எச்பி பூஜ்ஜியமானாலோ, ஸ்டன், பாரலைஸ் மாதிரி செயலிழந்தாலோ, டிராகன் உருவம் ஒன்றும் செய்யாது. மூனுக்குக் கரடியின் எச்பி தீர்ந்தால் தன் உருவத்துக்குத் திரும்புவதோடு சரி. மிச்சச் சேதம் சொந்த எச்பியில் இறங்கும், மயங்கி விழாதவரை கான்சன்ட்ரேஷன் தானாகப் போகாது. முன்வரிசையில் நிற்க வேறு ஆளே இல்லாத குழுவில் இது பெரிய விஷயம். அங்கே ஸ்டார்ஸ் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஸ்டார்ஸ் உருவத்துக்கும் வைல்ட் ஷேப்பில் ஒன்று செலவாகும், டர்னுக்கு ஒரே முறை கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனும் போகும், நிற்பது 10 நிமிடம். ஆர்ச்சர் உருவத்தில் மாறும்போதே ஒன்று, பிறகு டர்னுக்கு ஒன்று என்று போனஸ் ஆக்‌ஷனில் 60 அடிக்கு 1டி8 (எட்டு முக டைஸ் ஒன்று) கூட்டல் விஸ்டம் சேதம். குணப்படுத்தும் ஸ்பெல்லான ஹீலிங் வேர்டும் போனஸ் ஆக்‌ஷன்தான், ஆகவே ஒரே டர்னில் இரண்டும் நடக்காது. புதிதாக எடுப்பவர்கள் சறுக்குகிற இடம் இது. சாலிஸ் உருவம், ஸ்லாட் செலவழித்துக் குணப்படுத்தும்போது 30 அடிக்குள் ஒருவருக்குக் கூடுதலாக 1டி8 கூட்டல் விஸ்டம் தரும். ஸ்லாட் செலவாகாத குட்பெர்ரிப் பழத்தைத் தின்றால் தராது. பத்தாம் லெவல் வரை எடுத்த உருவத்தை மாற்ற இன்னொரு வைல்ட் ஷேப் வேண்டும். சண்டையில் டிராகனே முதல் தேர்வாக இருக்கட்டும். போனஸ் ஆக்‌ஷனும் பிறகு காலியாகவே இருக்கும். உடம்பு ஒளிவிடும் என்பதால் பதுங்கிப் போகும்போது எடுக்க வேண்டாம்.

ஸ்டார்ஸுக்கு ஒரு லாங் ரெஸ்டுக்கு (நீண்ட ஓய்வு) ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவலோடு உயரும் எண்) எவ்வளவோ அத்தனை முறை கைடிங் போல்ட் என்ற தாக்குதல் ஸ்பெல் இலவசம். 4டி6 சேதம், அடுத்து அடிப்பவருக்கு அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் போட்டுப் பெரியதை எடுப்பது), கான்சன்ட்ரேஷனும் கேட்காது. டிராகனோடு பிசிறில்லாமல் பொருந்துகிறது. ஆறாம் லெவலில் வரும் காஸ்மிக் ஓமன், ஒருவர் போடும் டைஸில் டி6ஐக் கூட்டவோ கழிக்கவோ உதவும். எது என்பது அன்றைய டைஸில் முடிவாகும், நம் விருப்பத்தில் இல்லை. அவர் டைஸ் போடப் போகும்போதே ரியாக்‌ஷனைச் சொல்ல வேண்டும், விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு செல்லாது.

பராமரிப்பு என்று பார்த்தால் மூனுக்கு வேலை அதிகம். ஒவ்வொரு விலங்கின் எண்களும் தனித்தாளில் இருக்க வேண்டும், உங்கள் பாத்திரம் அந்த விலங்கை முன்பு பார்த்திருக்கவும் வேண்டும். இந்த நிபந்தனையை ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். கரடி லார்ஜ் அளவு என்பதால் ஐந்தடிச் சந்தில் நெருக்கிக்கொண்டுதான் நுழையும்: அதன் தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ், அதன்மேல் வரும் தாக்குதலுக்கு அட்வான்டேஜ். ஸ்டார்ஸின் மூன்று உருவங்களும் பாத்திரத் தாளின் ஓரத்தில் மூன்று வரியில் அடங்கும்.

பத்தாம் லெவலில் மூன், இரண்டு வைல்ட் ஷேப்பையும் கொடுத்து 126 எச்பி உள்ள நில எலிமென்டல் ஆகிறது; மறுபடி வலுப்பெறுகிறது. ஸ்டார்ஸ் டிராகனுக்கு 20 அடிப் பறத்தல் கிடைக்கிறது, உருவத்தை டர்னுக்கு டர்ன் மாற்றவும் முடிகிறது. இந்த லெவலுக்கு மேல் என் சாய்வுக்கு அத்தனை எடை கொடுக்க வேண்டாம். நான் சொன்னதெல்லாம் ஐந்திலிருந்து பத்து வரைக்குத்தான் உறுதி.

2024 விதிகளில் இரண்டுமே மூன்றாம் லெவலில்தான் தொடங்குகின்றன. மூனுக்கு விலங்கின் எச்பி கிடையாது. ட்ரூயிட் லெவலைப் போல மூன்று மடங்கு தற்காலிக எச்பிதான். ஆனால் ஏசி குறைந்தது 13 கூட்டல் விஸ்டம், மூன்பீமை விலங்கு உருவத்திலேயே போடலாம், ஆறாம் லெவலிலிருந்து கான்ஸ்டிட்யூஷன் சேவில் விஸ்டமும் சேரும். விஸ்டம் 18 என்றால் அது +4. ஸ்டார்ஸின் டிராகன் அப்படியே இருக்கிறது, ஆனால் மேலே போட்ட கணக்கின் இடைவெளி பாதிக்கு மேல் அடைபட்டுவிடுகிறது. உங்கள் மேசையில் 2024 புத்தகம் ஓடுகிறதென்றால் மூன்று முதல் ஐந்தாம் லெவல் வரைதான் ஸ்டார்ஸ் இந்த விஷயத்தில் தெளிவாக முன்னிற்கும். ஆறிலிருந்து, குழுவில் முன்வரிசை ஆள் இருக்கிறாரா என்று பார்த்து எடுங்கள்.