குறுஞ்செய்தியும் அரட்டையும் ஒரே பெட்டியில்: ஆண்டுச் சந்தா கட்டுமுன் ஓர் எச்சரிக்கை

தட்டச்சுப் பயிலகம், தனிப்பயிற்சி மையம், குடியிருப்போர் சங்கம் என்று பலருக்கு ஒரே நேரத்தில் தகவல் சொல்ல வேண்டிய பொறுப்பில் இருப்பவர்கள், கைபேசிக் குறுஞ்செய்தியையும் இணைய அரட்டையையும் ஒன்றாக இணைத்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளுக்குப் பணம் கட்டுமுன் இந்தப் பதிவைப் படித்துவிடுவது நல்லது. திண்டுக்கல் பக்கம் நான் ஒரு சிறிய தட்டச்சுப் பயிலகம் நடத்தி வருகிறேன். அத்தகைய செயலி ஒன்றின் கட்டணத் திட்டத்தில் சேர்ந்ததால், பணமும் போயிற்று, மாணவர்களின் பெற்றோரிடம் இருந்த நல்ல பெயருக்கும் பங்கம் வந்தது, பழைய குறுஞ்செய்திகளும் கைவிட்டுப் போயின. நுகர்வோர் புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை. இதே வாக்குறுதியை வேறு பெயர்களிலும் விற்கிறார்கள்.

வாக்குறுதி கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. எங்களிடம் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். பெற்றோரில் பலர் இன்னமும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். சிலரிடம் ஸ்மார்ட்போன் இருந்தாலும் டேட்டா போட்டிருக்க மாட்டார்கள். அதனால் ஒரே தகவலை இரண்டு இடத்தில் தட்டச்சு செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம். பெறுபவரிடம் அந்தச் செயலியும் இணையமும் இருந்தால் செய்தி அரட்டையாகப் போகும், இல்லாவிட்டால் தானாகவே குறுஞ்செய்தியாக மாறிப் போகும், இரண்டுக்கும் தனிச் செலவு கிடையாது என்று விளம்பரப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். யோசனையும் புதிதல்ல. ஆப்பிள் நிறுவனம் 2011-இல் ஐமெசேஜ் வசதியைக் கொண்டுவந்தபோதே இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டது. நீல நிறக் கட்டத்தில் போனால் இணையம், பச்சையில் போனால் குறுஞ்செய்தி. ஆண்ட்ராய்டு போன்களுடன் வரும் கூகுள் மெசேஜஸ் செயலியும், இணையம் வழியே அரட்டைபோலச் செய்தி அனுப்பும் ஆர்சிஎஸ் என்ற முறையில் ஏறக்குறைய இதையே செய்கிறது. 2024 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18 முதல் ஐபோன்களிலும் ஆர்சிஎஸ் உண்டு. ஆகவே இணைப்பதில் தவறில்லை. செய்தி எந்த வழியில் போகிறது என்பதை அனுப்புகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்ததில்தான் என்னுடைய எல்லாத் தொல்லைகளும் தொடங்கின.

முதலில் அடிபட்டவர் ஒரு மாணவி. அவர் கொடுத்திருந்த எண் முன்பு அண்ணனுடைய ஸ்மார்ட்போனில் இருந்தது. அப்போது அண்ணன் இந்தச் செயலியை நிறுவி அந்த எண்ணைப் பதிவு செய்திருக்கிறார். பிறகு அந்த சிம்மை எடுத்து அப்பாவின் பட்டன் போனில் போட்டுவிட்டார்கள். சிம் இடம் மாறியது செயலியின் சர்வருக்கு எப்படித் தெரியும்? அது அந்த எண்ணை அரட்டையில் இருக்கும் எண்ணாகவே கருதி, தேர்வுக் கட்டணத்திற்கான கடைசி நாளை அறிவித்த என் செய்தியை இணைய வழியிலேயே அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. என் திரையில் ஒரு டிக் விழுந்திருந்தது. மற்ற எல்லாருக்கும் அதே ஒரு டிக்தான். ஏனென்றால் குறுஞ்செய்தியாகப் போனவற்றுக்கும் அந்தச் செயலி ஒரு டிக்குக்கு மேல் காட்டாது. சேர்ந்ததையும் சேராததையும் பிரித்தறிய வழியே வைக்கவில்லை. அந்தப் பெண் அபராதத்துடன் கட்ட வேண்டியதாயிற்று. "சார், எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?" என்று அவருடைய அப்பா நேரில் வந்து கேட்டபோது, அனுப்பியதாக என் போனைத்தான் காட்ட முடிந்தது, அவர் தன் போனைக் காட்டினார், அதில் ஒன்றும் இல்லை.

இந்தக் கோளாறு உலகத்துக்குத் தெரியாத ஒன்றல்ல. ஐபோனை விட்டு வேறு போனுக்கு மாறியவர்களுக்கு வரவேண்டிய செய்திகள் ஐமெசேஜிலேயே சிக்கிக்கொண்டதால் 2014-இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஆப்பிள், எண்ணின் பதிவை நீக்குவதற்கென்று தனி இணையப் பக்கம் திறந்தது. பழைய போன் கையில் இல்லாவிட்டாலும் எண்ணைக் கொடுத்து, வரும் குறியீட்டை உள்ளிட்டு ஆர்சிஎஸ் பதிவை நீக்கிக்கொள்ளும் பக்கம் கூகுளிடமும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்து, அதுவும் காசு வாங்கிக்கொண்டு நடத்தப்படும் ஒரு செயலியில், இந்த அடிப்படை வசதி இல்லை. அந்த எண்ணை நீக்கச் சொல்லி நான் எழுதியதற்கு, எண்ணின் உரிமையாளர் செயலிக்குள் நுழைந்து தம் கணக்கை நீக்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. பட்டன் போனில் எந்தச் செயலிக்குள் நுழைவது என்பதை அவர்கள் சொல்லவில்லை.

செலவு இல்லை என்ற வாக்குறுதியின் உண்மை அடுத்து வெளிப்பட்டது. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் தமிழில் செய்தி அனுப்புகிறவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து வரை தாங்கும். தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் யூனிகோடு முறைக்கு மாறி அந்த அளவு 70 ஆகக் குறைந்துவிடும். அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. 'க' என்பது ஒன்று. 'கு' என்றால் ககரமும் உகரக் குறியும் சேர்ந்து இரண்டு. 'க்' என்றால் புள்ளியும் சேர்ந்து இரண்டு. "தேர்வுக் கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள் செலுத்தவும்" என்ற நான்கே சொற்களை எண்ணிப் பாருங்கள்; இடைவெளிகளையும் சேர்த்து 50 இடம் பிடிக்கும். பயிலகத்தின் பெயர், தொகை, நேரம், தொடர்பு எண் எல்லாம் சேர்த்தால் செய்தி நான்கைந்து துண்டுகளாக உடையும். உடைந்தபின் ஒவ்வொரு துண்டிலும் 67 இடம்தான். பெறுபவரின் போன் அவற்றை ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டினாலும், சிம் நிறுவனம் ஒவ்வொரு துண்டையும் தனிக் குறுஞ்செய்தியாகவே கணக்கிடும். ஐந்து துண்டுள்ள அறிவிப்பை 40 பெற்றோருக்கு அனுப்பினால் 200 குறுஞ்செய்தி. வழக்கமான ரீசார்ஜ் திட்டங்களில் நாளுக்கு 100 தான் உண்டு.

அரட்டையில் எவ்வளவு நீளமாக எழுதினாலும் கேள்வி இல்லை என்பதால், அதே பெட்டியில் எழுதும்போது இந்தக் கணக்கு யாருக்கும் தோன்றாது. ஒரு நல்ல செயலி குறுஞ்செய்தியாகப் போகும்போது மீதி எழுத்துகளையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் மூலையில் காட்டும். இதில் அது எடுக்கப்பட்டிருந்தது. நூறு தாண்டியதும் சிம்மின் முதன்மை இருப்பிலிருந்து பணம் குறையத் தொடங்கியது. இருப்பும் தீர்ந்தபின் மிச்சச் செய்திகள் போகவே இல்லை. அவற்றுக்கும் அந்த ஒரு டிக்கைப் போட்டுவிட்டது செயலி! கேட்டதற்கு, தனிச் செலவு இல்லை என்றது தங்கள் தரப்புக் கட்டணத்தை மட்டுமே குறிக்கும் என்று விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கம் விளம்பரப் பக்கத்தில் எங்கும் இல்லை.

குறுஞ்செய்தியைக் கையாள வேண்டுமானால் ஆண்ட்ராய்டில் அந்தச் செயலியை இயல்புச் செயலியாக, அதாவது குறுஞ்செய்திகளுக்குப் போன் தானாகவே பயன்படுத்தும் செயலியாக, அமைத்தாக வேண்டும். அப்படி அமைத்த நொடியிலிருந்து வங்கியின் ஓடிபி முதல் எரிவாயு பதிவு வரை போனுக்கு வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் அதன் கைவழியேதான் வரும். எங்கள் செயலி வங்கிச் செய்திகளை 'சலுகைகள்' என்ற உட்பெட்டியில் தள்ளி, ஒலி எழுப்பாமல் விட்டுவிடும். ஓடிபி காலாவதியான பிறகுதான் கண்ணில் படும். தொல்லை தரும் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். விளம்பரங்கள் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொண்டால் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு ஓரளவு தடை உண்டு. 2025 முதல் அனுப்புநர் பெயரின் கடைசியில் விளம்பரத்துக்கு பி, பரிவர்த்தனைக்கு டி, சேவைக்கு எஸ், அரசுக்கு ஜி என்ற எழுத்தும் வருகிறது. இணைய அரட்டை வழியே வருகிறவற்றை இந்த ஏற்பாடு தடுக்காது. ஆர்சிஎஸ் வழியாகக் கடன் விளம்பரங்கள் குவிந்ததால், 2022-இல் கூகுளே அந்த விளம்பர வசதியை இந்தியாவில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இரண்டும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும்போது எது எந்த வழியில் வந்தது, எதைப் பற்றி யாரிடம் புகார் செய்வது என்பதே புரியாது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஆண்டு முடியட்டும் என்றுதான் இருந்தேன். சந்தாக் காலம் பாதி இருக்கும்போது ஒரு புதுப்பிப்பு வந்தது. இனி இந்தச் செயலி குறுஞ்செய்தியைக் கையாளாது, அரட்டை மட்டுமே என்று திரையின் அடியில் இரண்டு வரி தோன்றி மறைந்தது. பெரிய நிறுவனங்களும் இதைச் செய்திருக்கின்றன என்பது உண்மை. கூகுள் ஹேங்அவுட்ஸ் 2017-இலும், ஃபேஸ்புக் மெசஞ்சர் 2023-இலும் குறுஞ்செய்தி வசதியை எடுத்துவிட்டன. சிக்னல் என்ற அரட்டைச் செயலி 2022 அக்டோபரில் அறிவித்துவிட்டுப் படிப்படியாக நிறுத்தியது. செயலிக்குள் இருந்த குறுஞ்செய்திகளைப் போனின் பொதுச் சேமிப்புக்கு மாற்றிக்கொள்ளும் வசதியையும் கொடுத்தது. அவை யாரிடமும் இதற்கென்று சந்தா வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு நடந்தது வேறு. வந்த குறுஞ்செய்திகளைப் போனின் பொதுச் சேமிப்பில் வைக்காமல் இந்தச் செயலி தன் சொந்தச் சேமிப்பில் பூட்டி வைத்திருந்தது. வசதி நின்றதும் போனுடன் வந்த செயலியைத் திறந்து பார்த்தால், இதை நிறுவுவதற்கு முந்தைய செய்திகள்தான் இருந்தன. "இன்று பணம் போட்டுவிட்டேன் சார், பிள்ளை பெயரில் வரவு வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெற்றோர் அனுப்பியிருந்தவை, நான் திருப்பி அனுப்பிய ஒப்புகைகள், இவைதான் எங்கள் கட்டணப் பதிவேட்டுக்குத் துணைச்சான்று. கேட்டு வாங்கியபின் ஒரு கோப்பு அனுப்பினார்கள். எண், தேதி, செய்தி மூன்றும் ஒட்டிக்கிடக்கும், தமிழ் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள் நிறைந்த ஒரு கோப்பு.

செயலியை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: நிற்காது. முன்கூட்டியே கொடுத்த அனுமதியின்படி தானாகவே பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபே வழியாகச் சந்தா போகிறது என்றால், உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குச் சென்று அந்த அனுமதியை நீங்களே ரத்து செய்ய வேண்டும். பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அறிவிப்பு வந்ததால்தான் அடுத்த ஆண்டுத் தொகை போகாமல் தடுக்க முடிந்தது.

மீதிக் காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய மின்னஞ்சல்களுக்கு இயந்திரப் பதில்களே வந்தன. இணைய வழியில் விற்பவர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அவர்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் பெயரே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்த பிறகுதான் மனிதர் ஒருவர் எழுதிய பதில் வந்தது: சந்தா அரட்டைச் சேவைக்கானதாம், குறுஞ்செய்தி என்பது கூடுதல் வசதி மட்டுமாம். அரட்டை மட்டும் போதுமென்றால் அதை இலவசமாகத் தரும் செயலிகள் எத்தனையோ இருக்க, நான் எதற்காக இவர்களுக்குப் பணம் கட்டப் போகிறேன்? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியே மனு கொடுக்க ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பயிலகத்தில் பழையபடி இரண்டு வழியாகவே அனுப்புகிறோம். குறுஞ்செய்திக்குப் போனுடன் வந்த செயலி. அதிலும் அரட்டையாகப் போகாவிட்டால் தானாகவே குறுஞ்செய்தியாக அனுப்பும் அமைப்பை இயக்கி வைத்திருக்கிறேன், எழுதும் பெட்டியில் ஆர்சிஎஸ் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புகிறேன். பெற்றோருக்கான அறிவிப்பை 70 இடத்துக்குள் அடக்கவும் பழகிவிட்டோம்.

இதே திட்டத்தை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பணம் கட்டிய ரசீதுடன், அன்று நீங்கள் பார்த்த விளம்பரத்தின் திரைப்பிடிப்பையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். குறுஞ்செய்தி என்ற சொல்லே இல்லாதபடி முழுவதும் மாற்றி எழுதியிருக்கிறார்கள்.