ஹெக்-ராஸ்: கால்வாய்க்குள் ஒன் டி, கரை தாண்டினால் டூ டி

ஆற்றிலும் கால்வாயிலும் தண்ணீர் எவ்வளவு ஏறும், எங்கே பரவும் என்று கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருளை ஏழு வருடமாகப் பயன்படுத்துகிறேன். வடிகால் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ஒன் டி போடவா, டூ டி போடவா?" ஒன் டி என்றால் தண்ணீர் கால்வாய் நெடுக ஒரே திசையில் ஓடுகிறது என்ற கணக்கு, டூ டி என்றால் தரைமேல் எந்தப் பக்கமும் பரவலாம் என்ற கணக்கு. இந்த விமர்சனம் அவர்களுக்காகத்தான்.

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் இருக்கும், அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் பொறியியல் மையம் வெளியிடும் மென்பொருள் இது. 1995 முதல் இருக்கிறது. ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. 2016-இல் வந்த 5.0 பதிப்பில்தான் டூ டி சேர்ந்தது, அப்புறம் எல்லாரும் முதலில் அதைத்தான் திறக்கிறார்கள், ஏனென்றால் வரைபடத்தில் நீலம் பரவுவதைக் கூட்டத்தில் காட்டினால் யாருக்கும் உடனே புரிகிறது.

நான் முதலில் திறப்பது ஒன் டி. ஆற்றின் குறுக்குவெட்டு வடிவத்தை இடைவெளி விட்டு அளந்து கொடுக்கிறோம், ஒவ்வொரு வெட்டிலும் நீர்மட்டம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒன்றுதான், ஓட்டமும் கால்வாய் போகும் திசையில்தான் என்று கணினி மாதிரி எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரின் புக்கிட் தீமா கால்வாய் போல இருபக்கமும் கான்கிரீட் சுவர் உள்ள இடத்தில், தண்ணீர் சுவருக்குள் நிற்கும்வரை, இது உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. மேனிங் உராய்வு எண்ணை, அதாவது சுவரும் தரையும் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கின்றன என்று சொல்லும் எண்ணை, 0.015-ஐ ஒட்டி வைத்தால் போதும், பாலங்களும் மதகுகளும் நம்பிக்கையாக வேலை செய்யும், ஒரு கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் கணக்கு ஓடி முடிந்திருக்கும். டூ டி பகுதிக்குள் பாலம் வைக்கும் வசதியே 2021-இல், 6.0 பதிப்பில்தான் வந்தது.

சரி, கரை தாண்டினால்? 2021 ஏப்ரல் 17 மழையை நினைத்துப் பாருங்கள், சுமார் 170 மில்லிமீட்டர் கொட்டியது, அந்தக் கால்வாய் ஓரத்து டனர்ன் சாலையில் வெள்ளம். சாலையில் இறங்கிய தண்ணீர் கால்வாயின் திசையைக் கேட்டு ஓடாது, தாழ்வான இடம் பார்த்து ஓடும், கார் நிறுத்துமிடத்துக்குள் இறங்கும், சில இடத்தில் திரும்பி வராமலே தேங்கும். அங்கே 'மட்டம் ஒன்றுதான்' என்ற கணக்கு உடைந்துபோகிறது. டூ டி அங்கே அருமை. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். குறிப்பாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே இருக்கும் நுண்ணிய மேடுபள்ளத்தையும் கணக்கில் எடுப்பதால் கட்டம் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் சமாளிக்கிறது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவிலும் டூ டிதான் போடுவேன். 2.7 கிலோமீட்டர் நேர் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை அங்கே 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓட விட்டிருக்கிறார்கள், மழை பெய்தால் புல்வெளிமேலும் பரவும்.

ஒன் டியில் சரிசெய்த உராய்வு எண்ணை அப்படியே டூ டிக்குத் தூக்கிப் போடாதீர்கள். வளைவில் ஏற்படும் இழப்பையும் அந்த எண் சேர்த்துச் சுமந்திருக்கும், டூ டி வளைவைத் தானே கணக்கிடுவதால் இரண்டு முறை எண்ணிவிடும்.

முன்பு நான் இருந்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டூ டி படம் போட்டார்கள், நடுத்தர மழைக்கே ஒரு பேட்டை முழுக்க நீலம். எல்லாரும் பதறிவிட்டோம். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, விமானத்திலிருந்து லேசரால் எடுத்த தரை உயர அளவீட்டில் கால்வாயின் அடித்தளமே இல்லை. அந்த லேசர் தண்ணீரைத் துளைக்காது, ஓதம் ஏறியிருந்த நேரத்து நீர்ப்பரப்பையே தரை என்று பதிந்திருக்கிறது. அது போதாதென்று, கால்வாய்ச் சுவரின்மேல் முறிகோடு, அதாவது கட்டங்களின் ஓரத்தைச் சுவரோடு பொருந்த வைக்கும் கோடு, போடாததால் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கட்டத்தில் விழுந்து, தண்ணீர் சுவரைத் தாண்டாமலே வெளியே கசிந்திருக்கிறது. எனக்கு இன்றும் அது வருத்தம்தான், ஏனென்றால் இப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் யாருடைய வீட்டு வாசலை உயர்த்துவது என்று முடிவெடுக்கிறார்கள்.

நேரமும் பாருங்கள். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு, கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும், மொத்தத்தில் சுமார் எட்டு மடங்கு வேலை. என் மடிக்கணினியில் ராத்திரி முழுக்க ஓடும்.

என் வழக்கம், கால்வாயை ஒன் டியிலும் இரு கரைக்கு வெளியே உள்ள நிலத்தை டூ டியிலும் வைத்து, நடுவே பக்கக் கரையால், அதாவது கால்வாய் நீர் எந்த உயரத்தில் வழிந்து வெளியே போகும் என்று சொல்லும் விளிம்பால், இணைப்பது. இணைப்பில் மட்டம் துள்ளும், பொறுமை வேண்டும், ஆனால் இரண்டின் பலமும் கிடைக்கிறது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது பிழைச் செய்திகளுக்காக, எந்தக் கட்டத்தில் கோளாறு என்று தேடியே அரை நாள் போய்விடுகிறது.

பெருமழை விட்டதும் நான் கால்வாய் ஓரம் நடந்து, சுவரில் தண்ணீர் ஏறிய கறையை நேரம் குறித்துப் படம் எடுத்து வைக்கிறேன். கைப்பேசியில் இப்போது அப்படிப் பதினொரு படங்கள் இருக்கின்றன, மாதிரியை முதலில் அவற்றோடுதான் ஒப்பிடுகிறேன்.